கொடுபடாத கட்டடக் கூலி: ஒரு வழக்கும் அதன் நீதியும்

வீடு கட்டுவோனுக்கும் கட்டுவிப்போனுக்கும் இடையே எழும் ஒப்பந்தம் ஏனைய ஒப்பந்தங்களினின்றும் ஒரு வகையில் வேறுபட்டதாகும். சந்தையில் நெல் விற்பவன் ஒரு கையால் நெல்லைக் கொடுத்து மறு கையால் பணத்தைப் பெறுகின்றான். விலை படியாவிடின் மூடையை மீண்டும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வீடு செல்கின்றான். கட்டடக்காரனுக்கோ அவ்வசதி இல்லை. கல்லையும் மணலையும் சீமெந்தையும் மரத்தையும் அவன் தன் பொறுப்பில் வாங்குகின்றான். மேசன்மாருக்கும் தச்சருக்கும் நாட்கூலி கொடுக்கின்றான். இவ்வாறு செலவிட்ட அனைத்தையும் பிறனொருவனுடைய நிலத்தில் இட்டு நிறுத்துகின்றான். பணம் கேட்பது அதற்குப் பின்னரே.

நிலத்தோடு பொருந்திய பொருள் நிலத்துக்கு உடையவனையே சேரும் என்பது உரோமர் வகுத்த விதி. கட்டடத்தில் இணைந்துவிட்ட உத்தரத்தைப் பிரித்தெடுக்கலாகாது என்று கி. மு. 5 ஆம் நூற்றாண்டிற் பிறந்த பன்னிரு பலகைச் சட்டமே தடுத்தது. ஆங்கிலச் சட்டமும் இக்கொள்கையை மேற்கொண்டது. எனவே, சுவரில் வைத்த கல் வைத்த அப்பொழுதே கட்டடக்காரனை விட்டு நீங்கிவிடுகின்றது. அவன் கையில் எஞ்சுவது பொருளன்று. பணம் பெறும் உரிமை ஒன்றேயாம். அவ்வுரிமையும் மற்றவன் மனமுவந்து கொடுத்தாலன்றி நீதிமன்றத்தின் வழியாகவே பயன்தரும்.

“ஆறு கடக்கும் வரை அண்ணன் தம்பி, ஆறு கடந்தால் நீ யார் நான் யார்” என்னும் பழமொழி இந்நிலையை நன்கு விளக்கும். வேலை முடியும் வரை கட்டடக்காரனை நாடியிருந்தவன், முடிந்தபின் அவனை நாட வேண்டியதில்லை. அதுமுதல் காலம் கடன்பட்டோன் பக்கமும், தேவை கடன்கொடுத்தோன் பக்கமும் நிற்கின்றன. இந்நிலையில் கட்டடக்காரன் முழுக் கூலியையும் இழக்க அஞ்சி, “குறைத்துத் தந்தாலும் போதும்” என்று பெற்றுக்கொண்டானாயின், எஞ்சியதைப் பின்னர் கேட்கும் உரிமை அவனுக்கு உண்டா? குறைத்து வாங்கியோன் அதற்கு இசைந்தவன் ஆவானா? இவ்வினாவுக்கு விடை கூறிய வழக்குக்களுள் டி அண்ட் சி பில்டர்ஸ் எதிர் ரீஸ் என்பது தலையாயது. இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதற்கு 1965 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் தீர்ப்பளித்தது.

வழக்கின் வரலாறு

டி அண்ட் சி பில்டர்ஸ் என்பது பெயரளவிற் கம்பனியேயாயினும், உண்மையில் இருவர் கூடி நடத்திய சிறு தொழில். ஒருவர் கட்டடங்களுக்கு அழகு வேலை செய்பவர். மற்றவர் குழாய் வேலைக்காரர். 1964 ஆம் ஆண்டின் இளவேனிற் காலத்தில் எதிராளி தமது கட்டடத்தில் வேலை சிலவற்றைச் செய்யும்படி இவர்களை அமர்த்தினார். எதிராளி நடத்திய கடையில் விற்கப்பட்டனவும் கட்டடப் பொருள்களே என்பது குறிப்பிடத்தக்கது. இவர்கள் வேலையைச் செய்தனர். வேண்டிய பொருள்களையும் கொடுத்தனர். இடையிலே 250 பவுண் முற்பணமாகக் கிடைத்தது. கணக்கில் 14 பவுண் கழித்துக் கொடுத்தபின் எஞ்சிய நிலுவை 482 பவுண் 13 சிலிங் 1 பென்னி.

கணக்கு அனுப்பப்பட்டது. வேலையிற் குறையுண்டென்று அப்பொழுது எவரும் கூறவில்லை, பணமும் வரவில்லை. ஆகஸ்ட் இறுதியிற் கடிதம் எழுதினர், மறுமொழி இல்லை. ஒக்டோபரில் மீண்டும் எழுதினர். நவம்பர் 13 ஆம் நாள் வெள்ளிக்கிழமை எதிராளியின் மனைவி தொலைபேசியிற் பேசினார். கணவர் அப்பொழுது காய்ச்சலாகக் கிடந்தார். அம்மையார் முதலில் வேலையைப் பற்றிக் குறை கூறினார். பின்னர், கணக்கைத் தீர்ப்பதாயின் 300 பவுண் தரலாமென்றும், அதற்கு மேல் ஒன்றும் கிடையாதென்றும் அறிவித்தார்.

கம்பனியார் இருவரும் கலந்து பேசினர். அவர்களுடைய பணநிலை அப்பொழுது மிகவும் நலிந்திருந்தது. இப்பணமும் வாராவிடின் தொழில் முறிந்துபோகும். 300 பவுண் இவ்வேலைக்கென ஏற்பட்ட கடனையே தீர்க்கப் போதாதென்றும், அதனை இப்பொழுது பெற்றுக்கொண்டு மிகுதிக்கு ஓராண்டு தவணை தருவதாகவும் அவர்கள் அம்மையாரிடம் கூறிப் பார்த்தனர். மிகுதியைக் கொடுக்கத் தம்மால் ஒருகாலும் இயலாதென்றும், ஒன்றுமில்லாமைக்கு 300 பவுண் மேலென்றும் அவர் விடையளித்தார். வேறு வழி இல்லையென்று கூறி அவர்கள் உடன்பட்டனர்.

மறுநாள் சனிக்கிழமை காசோலை கொடுக்கப்பட்டது. கம்பனியார் கொண்டுசென்ற பற்றுச்சீட்டில் 300 பவுண் பெற்றதாக மட்டுமே எழுதப்பட்டிருந்தது. கணக்கு முழுதும் தீர்ந்ததெனப் பொருள்படும் சொற்களையும் சேர்க்கவேண்டுமென அம்மையார் வற்புறுத்தினார், அவையும் சேர்க்கப்பட்டன. காசோலை மாற்றப்பட்டதும், கம்பனியார் வழக்கறிஞரை நாடி, எஞ்சிய 182 பவுண் 13 சிலிங் 1 பென்னிக்கு வழக்குத் தொடுத்தனர். வேலை குறையுடையதென்பது எதிராளியின் ஒரு வாதம். கணக்குத் தீர்ந்துவிட்டதென்பது மற்றொன்று. இவ்விரண்டனுள் பின்னதே முதலில் ஆராயப்பட்டது.

பழைய விதி

இவ்வாதத்துக்கு எதிராக நின்றது மிகப் பழைய விதியொன்று. 1602 ஆம் ஆண்டிற் பின்னெல் என்பாரின் வழக்கில் ஆங்கில நீதிபதிகள் கூறிய கருத்தாவது: குறித்த தொகைக்குரிய கடன், அதனிற் குறைந்த தொகையைக் கொடுப்பதனால் தீராது. கடன்கொடுத்தோன் விரும்பின், பணத்துக்கு ஈடாக ஒரு குதிரையையோ, பருந்தையோ, மேலாடையையோ பெற்றுக்கொண்டு கடனைத் தீர்க்கலாம்; ஏனெனில், அப்பொருள் அவனுக்குப் பணத்தினும் பயனுடையதாக இருத்தல் கூடும். ஆனால், நூறு கொடுக்கவேண்டியவன் எழுபது கொடுத்தால் அந்த எழுபது ஒருகாலும் நூறாகாது.

இதன் அடிப்படையாயுள்ளது, மறுபயன் இல்லாத வாக்குறுதி ஒருவரைக் கட்டாது என்னும் ஆங்கிலச் சட்டக் கோட்பாடு. கடனின் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கின்றேன் என்று ஒருவன் வாக்களித்தால், அதற்கு மாற்றாகக் கடன்பட்டோன் புதிதாக எதனையாவது அளித்திருத்தல் வேண்டும். முன்னரே கொடுக்கக் கடமைப்பட்ட பணத்தின் பகுதியைக் கொடுத்தல் புதிய பயனாகாது. 1884 ஆம் ஆண்டில் ஃபோக்ஸ் எதிர் பீர் என்னும் வழக்கில் பிரபுக்கள் சபை இவ்விதியை உறுதிசெய்தது.

விதி பழையதாயினும் அதனின்றும் தப்ப வழி தேடியோர் பலர். காசோலை என்பது பணமன்று. கைமாறத்தக்க ஒரு பத்திரம். ஆகவே குதிரையும் பருந்தும் போல அதுவும் வேறொரு பொருளேயாம் என்று 1882 ஆம் ஆண்டின் தீர்ப்பொன்று கொண்டது. ரீஸ் வழக்கில் எதிராளி பற்றிய ஊன்றுகோல்களுள் இதுவும் ஒன்று.

மற்றொரு வழி ஒப்புரவு நெறியிலே பிறந்தது. ஒப்புரவு நெறியாவது, சட்டத்தின் கடுமையை நியாயத்தாற் குழைப்பதற்கென இங்கிலாந்தில் வளர்ந்த நீதிமுறை. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே, குடியிருக்க ஆளில்லாத மாடிக் கட்டடமொன்றின் வாடகையை அதன் உரிமையாளர் பாதியாகக் குறைத்தனர். அவ்வாறு குறைத்து ஒப்புக்கொண்ட காலத்துக்குரிய மிகுதியைப் பின்னர் கேட்கலாகாது என்று 1947 ஆம் ஆண்டில் நீதிபதி டெனிங் கூறினார். ஒருவன் தந்த வாக்கை நம்பி மற்றவன் நடந்துகொண்டபின், வாக்குத் தந்தவன் அதனை மீறி வழக்காடுதல் நியாயமற்றதாயின் நீதிமன்றம் அதற்கு இடந்தராது என்பதே இதன் கருத்து. ரீஸ் வழக்கை விசாரித்த மூவருள் தலைமை வகித்தவரும் அதே டெனிங் பிரபுவே. தாம் வளர்த்த கொள்கை இப்பொழுது தம் முன்னேயே எதிராளிக்குத் துணையாகக் கொண்டுவரப்படுவதை அவர் கண்டார்.

தீர்ப்பு

மூன்று நீதிபதிகளும் கட்டடக்காரர் பக்கமே தீர்ப்பளித்தனர். காசோலைக்கும் காசுக்கும் இக்காலத்தில் வேறுபாடு காண்பது பொருந்தாது. அன்றியும், கம்பனியார் காசோலையைக் கேட்டுப் பெற்றவரல்லர். காசா காசோலையா என்பது அவர்களுக்கு ஒன்றே. ஆதலால், காசோலை புதிய பயனாகாது. பழைய விதியின்படி கடன் தீரவில்லை.

இத்துடன் நின்றிருந்தால் இவ்வழக்கு மற்றுமொரு கணக்கு வழக்காகவே முடிந்திருக்கும். டெனிங் பிரபு ஒரு படி மேற்சென்றார். ஒப்புரவு நெறி வாக்கு மீறுவோனைத் தடுப்பது, அவ்வாறு மீறுதல் நியாயமற்றதாகும்போது மட்டுமே. எனவே, முதலிற் காணவேண்டியது இருவருக்குமிடையே மெய்யான இணக்கம் ஏற்பட்டதா என்பதாம். இங்கே கட்டடக்காரர் தாமாக விரும்பி இணங்கவில்லை. அவர்களுடைய நெருக்கடியை அறிந்து, கொடுக்கக் கடமைப்பட்ட பணத்தில் ஒன்றுமே கொடாது விடுவதாக அம்மையார் அச்சுறுத்தினார். அவ்வச்சத்தாலேயே இணக்கத்தைப் பெற்றார். நியாயத்தை நாடி வருவோர் தாமும் நியாயமாக நடந்தவராயிருத்தல் வேண்டும். அச்சுறுத்திப் பெற்ற இணக்கத்துக்கு ஒப்புரவு நெறி துணைநில்லாது. மற்றை நீதிபதிகள் இருவரும் பெரும்பாலும் பழைய விதியையே பற்றி அதே முடிவுக்கு வந்தனர்.

இத்தீர்ப்பின் சிறப்பு எதிலுள்ளது என்பதை ஊன்றி நோக்குதல் வேண்டும். பழைய விதி கணக்கை மட்டும் பார்த்தது. இருவர் மனம் எவ்வாறிருந்தது என்பதை அது பார்க்கவில்லை. மனமுவந்து விட்டுக்கொடுத்தவனையும் வேறு வழியின்றி விட்டுக்கொடுத்தவனையும் அது ஒரே தட்டில் நிறுத்தியது. முன்னவன் தன் வாக்கை மீறவும் அது இடமளித்தமையால், அறிஞர் பலர் அதனைக் குறைகூறினர். டெனிங் பிரபுவோ கணக்கிலிருந்து இசைவுக்கு வினாவைத் திருப்பினார். பொருளாதார நெருக்கடியை ஆயுதமாக்கிப் பெற்ற உடன்பாடு செல்லாது என்னும் கொள்கை ஆங்கிலச் சட்டத்தில் 1970 ஆம் ஆண்டுகளிலேயே தனிக் கொள்கையாக உருப்பெற்றது. அதற்கு முன்னோடியாக நின்றவற்றுள் இத்தீர்ப்பும் ஒன்று.

குறையுள்ள வேலையும் முடியாத வேலையும்

அம்மையார் தொலைபேசியில் முதலிற் கூறியது வேலையிற் குறையுண்டு என்பதே. பணம் கொடுக்க விரும்பாதோர் எடுக்கும் முதல் ஆயுதமும் இதுவேயாம். எனினும், அக்குறை சில வேளை உண்மையாகவும் இருக்கலாம். அப்பொழுது சட்டம் யாது கூறும்?

ஒரு முழு வேலைக்கு ஒரே தொகை பேசப்பட்டிருந்தால், வேலை முற்றுப்பெற்றபின்னரே கூலிக்கு உரிமை பிறக்கும் என்பது ஆங்கிலச் சட்டத்தின் பொது விதி. 1898 ஆம் ஆண்டில் தீர்க்கப்பட்ட சம்ப்டர் எதிர் ஹெட்ஜஸ் என்னும் வழக்கில் கட்டடக்காரர் ஒருவர் இரண்டு வீடுகளையும் குதிரை லாயங்களையும் 565 பவுணுக்குக் கட்டித்தர ஒப்பினார். ஏறத்தாழ 333 பவுண் பெறுமதியான வேலையைச் செய்தபின், பணமில்லாமையால் இடையிலே கைவிட்டார். நிலத்துக்கு உடையவர், அங்கே கிடந்த கட்டடப் பொருள்களையும் பயன்படுத்தித் தாமே கட்டடத்தை முடித்தார். கைவிடப்பட்ட வேலைக்குக் கூலி இல்லையென்றும், கிடந்து பயன்பட்ட பொருள்களுக்கு விலை உண்டென்றும் நீதிமன்றம் தீர்த்தது.

இவ்விரண்டுக்கும் வேற்றுமை யாதெனின், நிலத்துக்கு உடையவனின் விருப்பமேயாம். தன் நிலத்தில் அரைகுறையாக நிற்கும் சுவரை ஏற்பதா மறுப்பதா என்று தெரிய அவனுக்கு வழியில்லை. அது அங்கே நிற்கின்றது. ஆனால், நிலத்திற் கிடந்த செங்கல்லையும் மரத்தையும் அவன் தொடாது விட்டிருக்கலாம். தானே விரும்பி எடுத்தான். எடுத்ததற்கு விலை கொடுத்தல் வேண்டும். இங்கும் கடமையைத் தோற்றுவிப்பது இசைவே என்பது கருதத்தக்கது.

இவ்விதியின் கடுமையைப் பின்வந்த தீர்ப்புக்கள் தணித்தன. 1916 ஆம் ஆண்டின் டேக்கின் எதிர் லீ என்னும் வழக்கில், வீடொன்றைத் திருத்திய கட்டடக்காரர் கொங்கிறீற்றின் ஆழத்திலும் இரும்புத் தூணின் அளவிலும் ஒப்பந்தத்தினின்றும் வழுவியிருந்தார். வேலையைக் கைவிடுதல் வேறு, வேலையை முடித்து அதிற் குறை வைத்தல் வேறு என்று கூறி, குறைக்குரிய தொகையைக் கழித்து மிகுதியைக் கொடுக்கும்படி நீதிமன்றம் பணித்தது. 1952 ஆம் ஆண்டில், 750 பவுணுக்கு ஒரு வீட்டை அழகுசெய்து தளபாடங்களும் அமைத்த வழக்கில், குறைகளைத் தீர்க்க வேண்டிய செலவு 55 பவுண் 18 சிலிங் 2 பென்ஸ் எனக் காணப்பட்டது. அதனை மட்டும் கழித்து மிகுதி முழுதும் வழங்கப்பட்டது.

ஆயினும் இத்தயவுக்கும் எல்லையுண்டு. 1972 ஆம் ஆண்டின் வழக்கொன்றில், 560 பவுணுக்கு வீடு முழுதையும் வெப்பமூட்டும் கருவிகள் அமைக்கப்பட்டன. வீடு போதிய வெப்பம் பெறவில்லை. அறைகளிற் புகை பரவியது. திருத்தும் செலவு 174 பவுணுக்கு மேற்பட்டது. வேலை சாரத்திலேயே நிறைவேறவில்லையெனக் கொண்டு, பேசிய தொகையில் ஒன்றுமே கொடுக்கவேண்டியதில்லையென மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. எனவே, சிறு குறையைக் காட்டி முழுப் பணத்தையும் மறுக்கலாகாது; பெருங்குறையை வைத்து முழுப் பணத்தையும் கேட்கலாகாது என்பதே இவ்வழக்குக்களின் திரண்ட பொருளாகும்.

இலங்கைச் சட்டத்தில்

ரீஸ் வழக்கின் நிகழ்ச்சிகள் இலங்கையில் நிகழ்ந்திருப்பின் ஆராய்ச்சி வேறொரு வழியிலே செல்லும். ஒல்லாந்தர் விட்டுச்சென்ற உரோமன் டச்சுச் சட்டத்தை 1799 ஆம் ஆண்டின் பிரகடனத்தால் ஆங்கிலேயர் நிலைநிறுத்தினர். ஒப்பந்தங்களைப் பொறுத்தவரை அதுவே இந்நாட்டின் பொதுச் சட்டம். யாழ்ப்பாணத் தமிழருக்குரிய தேசவழமை சொத்துரிமை, முதுசம் முதலியவற்றுக்கு உரியதாக, கட்டட ஒப்பந்தம் போன்றவற்றைப் பொதுச் சட்டமே ஆளுகின்றது.

உரோமன் டச்சுச் சட்டத்தில் வாக்குறுதி கட்டுவதற்கு மறுபயன் வேண்டுவதில்லை. மனமறிந்து செய்யப்பட்டதாயும் நியாயமான காரணமுடையதாயும் இருந்தால் போதும். ஜயவிக்கிரம எதிர் அமரசூரிய என்னும் இலங்கை வழக்கில், 1918 ஆம் ஆண்டில், கோமறைக் கழகம் இதனை ஐயத்துக்கிடமின்றி உரைத்தது. ஆகவே, எழுபது நூறாகாது என்னும் பழைய ஆங்கில விதியின் நிழலில் இந்நாட்டுக் கட்டடக்காரன் ஒதுங்குதல் அரிது. மனமுவந்து குறைத்துக்கொண்டவனை அவன் வாக்குக் கட்டலாம். அதனால் ஆராய்ச்சி முழுதும் ஒரே இடத்தில் வந்து நிற்கும்: அவன் மெய்யாகவே இசைந்தானா, அன்றி அச்சத்தால் தலையசைத்தானா? ஆங்கிலச் சட்டத்தில் டெனிங் பிரபு எந்த வினாவை முன்னுக்குக் கொண்டுவர முயன்றாரோ, அதுவே இங்கு முதல் வினாவாக நிற்கின்றது.

இந்நாட்டுக் கட்டடக்காரன் மறத்தலாகாத மற்றொன்று காலம். 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம், எழுத்திலமைந்த ஒப்பந்தத்தின்மீது வழக்கிட 6 ஆண்டும், எழுத்தில்லாத ஒப்பந்தத்தின்மீது வழக்கிட 3 ஆண்டும் தருகின்றது. ஆனால், விற்றுக்கொடுத்த பொருளுக்கும், செய்த வேலைக்கும், தொழிலாளர் கூலிக்கும் அச்சட்டத்தின் 8 ஆம் பிரிவு ஓராண்டையே எல்லையாக விதிக்கின்றது. “அடுத்த அறுவடைக்குப் பின் தருகின்றேன்”, “மகனின் பணம் வந்ததும் தருகின்றேன்” என்னும் சொற்களை நம்பி, முகத்தாட்சணியத்தால் வழக்கிடாதிருக்கும் மேசன் ஓராண்டு கழிந்தபின் உரிமை இருந்தும் வழியற்றவனாகின்றான். ஒரு தாள் எழுத்தும் இரு கையொப்பமும் அவனுக்கு எத்துணை வலிமை தரும் என்பது இதனால் விளங்கும்.

நோயும் மருந்தும்

நீதிமன்றத் தீர்ப்பு நோய் வந்தபின் கொடுக்கும் மருந்து. ரீஸ் வழக்கில் வென்றவர்கூட, 1964 இற் செய்த வேலைக்கு 1965 இறுதி வரை மன்றேற வேண்டியதாயிற்று. நோய் வாராது காக்கும் வழியை இங்கிலாந்து பின்னர் சட்டத்தாலேயே வகுத்தது. அங்கு 1996 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட கட்டட வேலை பற்றிய சட்டம், 45 நாளும் அதற்கு மேலும் நீடிக்கும் வேலைக்குப் படிப்படியாகப் பணம் பெறும் உரிமையைக் கொடுத்தது. பணம் வாராவிடின் முன்னறிவித்தல் கொடுத்து வேலையை நிறுத்திவைக்க இடமளித்தது. பிணக்கு எழுந்தால் நடுவர் ஒருவர் பொதுவாக 28 நாளுக்குள் முடிவு கூற வழி வகுத்தது. தான் குடியிருக்கும் வீட்டைத் திருத்துவிப்போனின் ஒப்பந்தத்துக்கு இவ்விதிகள் பொருந்தா. எனினும், படிப்படியாகப் பணம் கொடுக்கும் முறை எவ்வொப்பந்தத்திலும் இருவரும் தாமே எழுதிக்கொள்ளக்கூடியதாகும்.

அத்திவாரம் முடிந்ததும் இவ்வளவு, சுவர் எழுந்ததும் இவ்வளவு, கூரை வேய்ந்ததும் இவ்வளவு எனப் பகுத்து எழுதிய ஒப்பந்தத்தில் எவரும் மற்றவருடைய தயவில் நிற்பதில்லை. கட்டுவிப்போன் காணாத வேலைக்குப் பணம் கொடுப்பதில்லை. கட்டுவோன் ஒரு படிக்குரிய கூலிக்கு மேல் இழக்கும் நிலைக்கு ஆளாவதில்லை. ஆறு முழுதையும் கடந்தபின் ஓடக்கூலி பேசாது, துறைதோறும் கொடுத்துச் செல்லும் முறை இது.

நீதி என்பது ஒருவனுக்குரியதை அவனுக்குக் கொடுத்தல் என்று உரோம நூலோர் வகுத்தனர். கட்டி முடித்த சுவரைக் கட்டியவன் கொண்டுசெல்ல முடியாது. அதனால் அவனுக்குரியது பணமாகவே அவனிடம் சேர்தல் வேண்டும். அதனைக் கொடாதிருந்து, அவன் வறுமை முற்றிய நாளிற் குறைத்துக் கொடுத்து, கணக்குத் தீர்ந்ததென்று எழுதுவித்த பற்றுச்சீட்டு அவன் இசைவுக்குச் சான்றன்று. அவன் நெருக்கடிக்கே சான்றாகும். 182 பவுணுக்காக நடந்த ஒரு சிறு வழக்கைச் சட்டம் பயிலும் மாணவர் இன்றும் கற்றுவருதல் இவ்வேறுபாட்டை அது தெளிவாகக் காட்டியமையாலேயாம்.